மர மில்லில் தீ: எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது?

மரவாடியோ மர மில்லோ தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே வரிதான் வரும்: மின்கசிவே காரணம் என்று தெரிகிறது. படிப்பவர்கள் அதை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மில்காரர்களிடம் பேசினால் குழப்பம் வேறு மாதிரி இருக்கும். "நல்ல எம்.சி.பி.தான் போட்டிருந்தோம், அது டிரிப் ஆகவே இல்லையே" என்பார் ஒருவர். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாகவே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், அப்படித் துண்டிப்பதுதான் டிரிப். "மெஷினை நிறுத்திப் பூட்டினது ஏழு மணிக்கு. தீ பிடிச்சது நடுராத்திரி. ஓடாத மெஷினில் கரண்ட் எப்படித் தீ வைக்கும்?" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். லூஸ் கனெக்‌ஷன், ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு, மின்கசிவு ஆகிய நான்கும் தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சூட்டைக் கிளப்பும், ஒவ்வொன்றுக்கும் காவல் வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் பேசிப் பழகியதால், ஒன்றுக்கான பாதுகாப்பை மாட்டிவிட்டு நான்குக்கும் ஆச்சு என்று இருந்துவிடுகிறோம். சென்னையில் வால்டாக்ஸ் ரோடு, சூளை, செங்குன்றம் பக்கத்து நடுத்தர மில்லை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்: ஒரு பேண்ட்சா (பட்டை ரம்பம்), ஒரு வட்ட ரம்பம், ஒரு இழைப்பு மெஷின், மேலே தகரக் கூரை. படிக்க மின்சாரப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு திருகின் சூடு

வீட்டில் துணி தேய்த்து முடித்து அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கும்போது சில நேரம் பின் கையைச் சுடும். ஒயர் முழுக்க ஓடியதும் அதே கரண்ட்தான், ஆனால் ஒயர் சுடவில்லை. ஆட்டம் கண்ட பழைய சாக்கெட்டில் பின் சரியாகக் கவ்வாத அந்த ஒரு இடம்தான் சுடுகிறது. கரண்ட் போகும் வழியில் அதற்கு இருக்கும் தடங்கலை மின்தடை என்கிறோம். தடை எங்கே கூடுகிறதோ அங்கே சூடு பிறக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது மில்லுக்கு வருவோம். 15 எச்.பி. மோட்டார் ஒன்று முழு பாரத்தில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதன் டெர்மினலில், அதாவது ஒயரை மாட்டி முடுக்கும் இடத்தில், ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.1, ஆக 40 வாட். பழைய 40 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பல்புக்காவது சூட்டை வெளியே விட அவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தது. இங்கே அத்தனையும் ஒரு திருகின் தலையளவு இடத்தில் இறங்குகிறது.

மோட்டாருக்கு இது தெரியுமா? தெரியாது. அந்த இடத்தில் தொலைவது வெறும் 2 வோல்ட். 415 வோல்ட்டில் 2 குறைந்தால் ரம்பத்தின் வேகத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், ஆக்சைடு தடையைக் கூட்டும், கூடிய தடை இன்னும் சூட்டைக் கிளப்பும். இதுதான் லூஸ் கனெக்‌ஷன், தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் கோளாறு. மர மில்லில் திருகு தளர்வதற்குத் தனிக் காரணமும் வேண்டாம். நாள் முழுக்க அதிரும் மெஷினில் அது தானாக நடக்கும்.

எம்.சி.பி.யின் பார்வை எதுவரை

எம்.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்று: தன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது. உள்ளே இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. அளவுக்குக் கொஞ்சம் மேலே கரண்ட் தொடர்ந்து ஓடினால் அது மெல்லச் சூடாகி வளைந்து ஸ்விட்சைத் தட்டிவிடும். இதுதான் ஓவர்லோடு, அதாவது தாங்கும் அளவை மீறிய பாரம். இன்னொன்று ஒரு சுருள். கரண்ட் திடீரென்று பல மடங்கு எகிறினால் கண் இமைக்கும் முன்பே துண்டித்துவிடும். நம் ஊரில் அதிகம் விற்கும் சி வகையில் அது எம்.சி.பி.யின் ஆம்பியர் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு. இரண்டு ஒயர்கள் நடுவில் பாரம் எதுவும் இல்லாமல் நேரடியாகத் தொட்டுக்கொள்வதுதான் ஷார்ட் சர்க்யூட். அந்த நொடி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அதைப் பிடிப்பதில் எம்.சி.பி. கெட்டிக்காரன்.

நம் தளர்ந்த திருகில் ஓடுவது வழக்கமான 20 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அது பழுதாகவில்லை, அதற்குக் கொடுத்த வேலையில் இது இல்லை, அவ்வளவுதான். கடைசியில் சூட்டில் ஒயரின் மேலுறை உருகி இரண்டு கம்பிகள் ஒட்டும்போது டிரிப் ஆகும். அதற்குள் பக்கத்தில் இருப்பது பற்றியிருக்கும். தீ அணைந்த பிறகு ஒட்டிக்கொண்ட கம்பிகளைப் பார்ப்பவர், ஷார்ட் சர்க்யூட்டால் தீ பிடித்தது என்று எழுதிவிடுகிறார். நடந்தது பல நேரம் தலைகீழ்.

மின்கசிவு இன்னொரு ரகம். கரண்ட் போன வழியே திரும்பாமல், மெஷினின் உடல், ஈரத் தூள், சில சமயம் ஆளின் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்குவது அது. 230 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஏறக்குறைய 70 வாட் சூடு கிடைத்துவிடும், எம்.சி.பி.க்கோ அது தூசு. அதைப் பிடிக்க ஆர்.சி.சி.பி. என்று தனிக் கருவி இருக்கிறது. போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஆள் உயிருக்குக் காவல் என்றால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பது, தீக்குக் காவல் என்றால் பொதுவாக 300 மில்லி ஆம்பியரில் துண்டிப்பது.

சுருக்கிச் சொன்னால்: ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு இரண்டையும் எம்.சி.பி. பார்க்கும். கசிவை ஆர்.சி.சி.பி. பார்க்கும். லூஸ் கனெக்‌ஷனை இரண்டும் பார்க்காது, ஏனென்றால் அங்கே கரண்ட் கூடவும் இல்லை, வழி தவறவும் இல்லை.

மூன்றில் ஒன்று போனால்

மில் மோட்டார்கள் மூன்று ஃபேஸில் ஓடுபவை. ஃபேஸ் என்றால் மின்சாரம் வரும் ஒரு தனி லைன் என்று புரிந்துகொண்டால் போதும். மூன்று லைனும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று அறுந்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நிற்காது. மீதி இரண்டில் உறுமிக்கொண்டே ஓடும். பாரம் அதே அளவில் இருந்தால் அந்த இரண்டிலும் கரண்ட் சுமார் 1.7 மடங்காகும். முன்பு சொன்ன கணக்குப்படி சூடு மூன்று மடங்கு. இதற்குப் பெயர் சிங்கிள் ஃபேசிங். மர மில்லில் மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்து போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

பழைய ஃபியூஸ் கட்டை இன்னும் இருக்கும் மில்களில் இது சுலபமாக நேரும், மூன்றில் ஒரு ஃபியூஸ் மட்டும் போனால் போதும். போன ஃபியூஸுக்குப் பதில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை நாலு இழை முறுக்கிப் போடுவது அடுத்த கொடுமை. அளவு தெரியாத கம்பியைப் போட்ட பிறகு அந்தக் கட்டைக்கு ஃபியூஸ் என்ற பெயரே பொருந்தாது. உருக வேண்டிய நேரத்தில் அது உருகாது, அதற்குப் பதில் சுவருக்குள் போகும் ஒயர் உருகும்.

இதற்குக் காவல் இரண்டு. ஒன்று, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே, பாரம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் உறுப்பு. மோட்டாரின் பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு ஏற்ப அதைத் திருப்பி வைக்க வேண்டும். "அடிக்கடி டிரிப் ஆகுது சார்" என்று அதன் டயலைக் கடைசிவரை முறுக்கி வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. நோயாளிக்குக் காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைத்துப் போடுகிற வேலை. மற்றது, எலக்ட்ரிக்கல் கடையில் சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டர் என்று கேட்டால் தரும் சின்னப் பெட்டி. ஒரு லைன் போனதும் அது ஸ்டார்ட்டரை விடுவித்து மோட்டாரை நிறுத்திவிடும்.

மோட்டார் ஒரேயடியாகச் சிக்கி நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பெரிய தடி ரம்பத்தில் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நிற்கிறது, ஆள் ஸ்விட்சை அணைக்காமல் தடியை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த நேரம் மோட்டார் இழுப்பது வழக்கத்தைப் போல ஆறு மடங்கு அளவுக்குக் கரண்ட். சூடு முப்பத்தாறு மடங்கு. ரிலே சரியாக இருந்தால் சில நொடிகளில் தப்பிக்கலாம்.

கத்திரி வெயிலில் எல்லாமே ஒரு படி கூடும். மோட்டார்கள் பொதுவாகச் சுற்றுப்புறம் 40 டிகிரி வரை இருக்கலாம் என்ற கணக்கில் செய்யப்படுபவை. மே மாத மதியம் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கணக்கு தாண்டிவிடும். ஊரே ஏ.சி. போடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கினால் அதே மரத்தை அறுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். ரம்பம் மழுங்கியிருந்தால் இன்னும் கூடுதல். சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை தொடர்ந்து தாங்குவது 70 டிகிரிதான். ரம்பத்துக்குச் சாணை பிடிப்பதை யாரும் தீத்தடுப்பு வேலையில் சேர்ப்பதில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

தூள் செய்யும் இரண்டு வேலை

இதுவரை சொன்னது எந்தத் தொழிற்கூடத்துக்கும் பொருந்தும். லேத் பட்டறையில் ஒரு திருகு சூடானால் டெர்மினல் கருகும், மோட்டார் போகும், செலவு வரும். மர மில்லில் அதே சூடு கூரையை எடுக்கிறது. நடுவில் இருப்பது தூள்.

மரத்தூள் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகர டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைத் திணித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே ஒரு துளையில் குச்சியைச் செருகிப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் எரியும். ஊத வேண்டாம், கிளற வேண்டாம். இறுகிய தூளுக்குள் நெருப்பு சுவாலை இல்லாமல் கங்காக நகர்ந்துகொண்டே இருக்கும். இப்படிக் கனன்று எரிவதற்குக் காற்று கொஞ்சம் கிடைத்தாலே போதும். மில்லில் மோட்டாருக்குப் பின்னால், கேபிள் குழியில், பேண்ட்சாவின் அடிக்குழியில் சேர்ந்து இறுகும் தூளும் இதே மாதிரி அடைத்து வைத்த அடுப்புதான், பற்றவைக்க ஆள் வராத அடுப்பு.

தூள் முதலில் போர்வையாக வேலை செய்கிறது. மோட்டாரின் உடம்பில் வரிவரியாக இருக்கும் துடுப்புகள் காற்றில் சூட்டை விடுவதற்கு. அவற்றின் இடுக்கில் தூள் அடைந்தால் சூடு உள்ளேயே தங்கும். அடுத்தபடியாக அதே தூள் எரிபொருளாகிறது. மெல்லிய அடுக்காகப் படிந்த மரத்தூள் பற்றச் சுமார் 300 டிகிரி சூடான பரப்பு வேண்டும். அடுக்கு தடிமனானால் அதற்குக் குறைந்த சூடே போதும், உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போவதால். பல நாளாகச் சூடுபட்டு முன்பே பாதி கருகிய தூள் இன்னும் எளிதாகப் பற்றும்.

இப்படிப்பட்ட மோட்டார் ஒன்றின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் கேஸ்கெட் இருக்காது. கேபிள் நுழையும் ஓட்டையில் இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் போடாமல் துணியைச் சுற்றிச் செருகியிருப்பார்கள். உள்ளே ஒயர்களை மாட்டி முடுக்கும் ஆறு பித்தளை ஸ்டட். அவற்றுக்கு நடுவே அமுங்கி, பெட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொண்ட தூள். அந்தத் தூளை அப்படியே பெயர்த்தெடுத்துப் பார்த்தால் நிறம் மாறுவது தெரியும்: ஓரத்தில் மரத்தின் நிறம், உள்ளே போகப் போகக் காப்பிப் பொடி நிறம், ஒரு குறிப்பிட்ட ஸ்டட்டைச் சுற்றி மட்டும் கறுப்பு. அந்த ஸ்டட்டில் மாட்டிய லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) பளபளப்பு போய் மங்கியிருக்கும், ஒயரின் உறை சுருங்கி மொறுமொறுவென்று உடையும், நட்டு விரலிலேயே சுழலும். மற்ற இரண்டு ஃபேஸும் புதுசு போல இருக்கும். மோட்டார் அன்று காலைவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும்.

நடுராத்திரிக் கேள்விக்கும் பதில் இங்கேதான். சாயந்திரம் ஐந்து மணிக்குச் சூடான இடத்தில் தூள் கனல ஆரம்பிக்கிறது. ஏழு மணிக்கு மெஷின் நின்றாலும் கங்குக்கு அதற்குப் பிறகு கரண்ட் தேவையில்லை. மூட்டை வரைக்கும், பலகை அடுக்கு வரைக்கும் மெல்ல நகர்ந்து, நல்ல காற்று கிடைக்கும் இடத்தில் சுவாலையாகிறது. பகலில் லேசான கருகல் வாசனை வந்திருக்கும், ரம்பம் மரத்தில் தேய்ந்தாலும் அதே வாசனைதான் என்பதால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இரவில் மெயினை அணைக்காமல் போவதும் உண்டு. அப்போது ஸ்டார்ட்டர் வரைக்கும் லைன் உயிரோடுதான் இருக்கிறது.

தூள் காற்றில் பறந்தால் வெடிக்கவும் செய்யும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர மில்கள் தூள் வெடித்து அழிந்தன, நான்கு தொழிலாளர்கள் இறந்தனர். வண்டு அரித்துக் காய்ந்த மரம், அதிலிருந்து வந்த மிக நுண்ணிய தூள், மூடிய கட்டடம் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. விசாரணைகள் காட்டிய காரணம் மின்பொறி அல்ல, சுழலும் பாகங்களின் உராய்வுச் சூடு. சென்னையில் நாலு பக்கமும் திறந்த கொட்டகைகளில் அந்த அளவு வெடிப்புக்கு வாய்ப்பு குறைவு. மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டிங் மெஷின் ஓடும் மூடிய அறைக்கும் தூள் உறிஞ்சும் பெட்டிக்கும் அந்தச் சலுகை கிடையாது. கம்ப்ரஸர் காற்றால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்வதை நான் வெறுப்பதற்கு இதுதான் காரணம். படிந்த தூளைக் கிளப்பிவிடுகிறது, கொஞ்சத்தை ஸ்விட்சுகள் இருக்கும் பேனலுக்குள்ளும் தள்ளுகிறது. பிரஷ்ஷும் தொழிற்சாலை வேக்குவமும் போதும்.

ஆக, மின்கோளாறு கொடுப்பது சூடு மட்டும். அதைச் சேர்த்து வைப்பதும், பிறகு எரிவதும், மணிக்கணக்கில் மறைத்துக் கொண்டுபோவதும் தூள்.

கடல் காற்றும் அலுமினியமும்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று டெர்மினல்களை அரிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பேனலுக்குள் படிந்த தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்த தூள் கொஞ்சம் கரண்ட்டைக் கடத்தும். இரண்டு டெர்மினலுக்கு நடுவே அது பொறிந்து பொறிந்து, நாளடைவில் பிளாஸ்டிக்கின் மேல் கரிக்கோடாகப் பாதை போட்டுவிடும். இதை டிராக்கிங் என்பார்கள். பேனலில் மின்னல் கீற்று மாதிரிக் கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துவிட்டு ஓட்டக் கூடாது, அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்.

அலுமினியக் கேபிளைச் செம்பு, பித்தளை டெர்மினலில் நேராக முடுக்குவது இன்னொரு பழக்கம். ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரிக்கும். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரிந்து, குளிரும்போது சுருங்கித் தளரும். இதற்கென்றே இரண்டு உலோகத்தையும் சேர்த்துச் செய்த பைமெட்டாலிக் லக் கடையில் கிடைக்கிறது.

எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

லூஸ் கனெக்‌ஷனைப் பிடிக்க எம்.சி.பி. இல்லை என்றால் ஆள்தான் பார்க்க வேண்டும். மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா டெர்மினலையும் முடுக்குவது முதல் வேலை. புது மெஷின் வைத்த முதல் மாதத்தில் ஒரு முறை கட்டாயம், பிறகு சீராக. மிகையாக முடுக்கினாலும் இழை போய்விடும், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் விடாதீர்கள்.

சூட்டை அளக்கத் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் நல்ல துணை. கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது உதவாது, உடம்புச் சூட்டை ஒட்டி மட்டுமே காட்டும். தொழிற்சாலைக்கானது வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து, மெஷின் முழு பாரத்தில் ஓடும்போது மூன்று ஃபேஸையும் தூரத்திலிருந்தே அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து சுடுவது பாரத்தைக் காட்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்த இணைப்பில் கோளாறு. பளபளக்கும் உலோகத்தை அது தப்பாக வாசிக்கும், அதனால் பக்கத்து ஒயர் உறையைக் குறி வைக்க வேண்டும்.

பூட்டும் நேரத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். மெஷினை நிறுத்தி, தூளைக் கூட்டி வெளியே எடுத்து, மெயினை இறக்கிய பிறகு அரை மணி நேரமாவது ஒருவர் இருந்து மூக்கை நம்பிச் சுற்றி வர வேண்டும். மெஷின் சத்தமும் ரம்பத்தின் வாசனையும் அடங்கிய பிறகுதான் கருகல் தனியாகத் தெரியும். தூள் மூட்டைகளை இரவில் கொட்டகைக்குள் அடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

பிடித்துவிட்டால்

முதலில் மெயின், பிறகு 101 அல்லது 112. மெயின் இறங்கியது உறுதியாகும்வரை தண்ணீர் பக்கமே போகக் கூடாது. பேனலிலோ மோட்டாரிலோ தீ என்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அல்லது உலர் தூள் சிலிண்டர். தூள் குவியலில் தீ என்றால் கணக்கு மாறும். சிலிண்டர் மேலே தெரியும் சுவாலையை அணைத்துவிடும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பிடிக்கும். அதற்குத் தண்ணீர்தான் வேண்டும், ஆனால் பீய்ச்சி அடித்தால் குவியல் சிதறித் தூள் மேலே எழும்பி நெருப்பைப் பரப்பும். பூவாளியில் ஊற்றுவது போலத் தெளித்து நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வெளியே கொண்டுபோய்த் திறந்த இடத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி மறுபடி நனைக்க வேண்டும். அணைந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் மறுநாள் காலைவரை அந்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்த பலகை அடுக்குகளின் அடியில் கையை நீட்டிச் சூடு பார்த்தபடி.